வெள்ளத்துக்குள் நின்று தண்ணீர் கேட்கிற ஊர்

2011 ஜனவரி வெள்ளத்தில், இலங்கையின் கிழக்கே மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைப் பக்கம் ஒரு பாடசாலை முகாமுக்கு நாங்கள் நாலைந்து பேர் சோற்றுப் பார்சல் கொண்டு போனோம். பாதித் தூரம் உழவு இயந்திரப் பெட்டியில், மிச்சம் இடுப்பளவு தண்ணீரில் நடை, பார்சல் நனையக்கூடாதென்று தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு. போய்ச் சேர்ந்ததும் வாசலில் இருந்த ஒரு ஆச்சி பார்சலை வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கேட்டா: "சோறு விடியவும் வந்த மனே, குடிக்கத் தண்ணி ஏதும் கொண்டந்தீங்களா?" நாங்கள் ஒரு போத்தல் கூடக் கொண்டு போகவில்லை. அன்றைக்கு அந்த முகாமுக்கு வந்த மூன்றாவது சோறு எங்களுடையது என்பது பிறகுதான் தெரிந்தது. பின்னேரம் ஆகும்போது அதில் பாதி பழுதாகி, நாய்க்கும் போட முடியாமல், வெள்ளத்தோடு போனது.

ஆச்சி கேட்ட கேள்வியை அப்புறம் பல இடங்களில், பல உருவத்தில் கேட்டிருக்கிறேன். அனர்த்தம் வந்தால் சனத்துக்கு வேண்டியது மணிக்கு மணி, நாளுக்கு நாள் மாறிக்கொண்டே போகிறது, உதவியோ எப்போதும் ஒரு படி பிந்தித்தான் வருகிறது. தண்ணீர் வேண்டிய நேரம் சோறு வரும், மலசலகூடம் வேண்டிய நேரம் தண்ணீர் வரும், சனம் வீட்டுக்குத் திரும்புகிற நேரம் பாயும் தலையணையும் வரும். கொடுக்கிறவர்களின் மனதில் ஒரு குறையும் இல்லை. தொலைக்காட்சியில் நேற்றுப் பார்த்த படத்துக்கு நாங்கள் இன்றைக்குச் சாமான் சேர்க்கிறோம், நாளைக்கு அது போய்ச் சேரும்போது அங்கே படம் மாறிவிட்டிருக்கும்.

எங்கள் கரைக்கு இது புதிதல்ல. 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு அடித்த சூறாவளியில் நாட்டில் 900க்கு மேற்பட்டோர் செத்தார்கள், மட்டக்களப்பின் தென்னந்தோட்டங்கள் விழுந்து படுத்தன. அதை நேரில் கண்டவர்கள் இன்றைக்கும் வயதைச் சொல்லும்போது "புயலுக்கு எனக்கு இத்தனை வயசு" என்றுதான் தொடங்குவார்கள். 2004 டிசம்பர் 26 பற்றிச் சொல்லவே வேண்டாம், இலங்கையில் 30,000க்கு மேல் போன உயிர்களில் அம்பாறை மாவட்டம் மட்டும் 10,000க்கு மேல் கொடுத்தது. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, திருக்கோவில் என்று வரிசையாகக் கடற்கரை ஊர்கள். பிறகு 2011இல் ஜனவரியில் ஒருதரம், பெப்ரவரியில் மறுதரம் வெள்ளம், நாடு முழுக்கப் பத்து லட்சத்துக்கும் மேல் பாதிப்பு, அதில் பெரும்பங்கு மட்டக்களப்பும் அம்பாறையும். இத்தனைக்குப் பிறகும் ஒவ்வொரு தடவையும் முதல் மூன்று நாள் ஏதோ முதல்தரம் நடப்பது போலத்தான் ஓடித் திரிகிறோம்.

முதல் சில மணித்தியாலத்தில் வெளியிலிருந்து யாரும் வரமாட்டார்கள், வரவும் முடியாது. இழுத்து எடுப்பது, காயத்தைக் கட்டுவது, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுவது எல்லாம் பக்கத்து வீட்டுக்காரன்தான். சுனாமியன்று கடற்கரை ஊர்களுக்கு முதல் சமைத்த சாப்பாடும் அடுத்த ஊர்க்காரர்களின் அடுப்பிலிருந்துதான் போனது. இந்தக் கட்டத்தில் வேண்டியது வழி. கிரான் பாலத்தடியில் தண்ணீர் ஏறினால் புலிபாய்ந்தகல் பக்கத்துச் சனம் தீவாகிவிடும், அது மாரிக்கு மாரி நடக்கிற காரியம், வள்ளம் இல்லாவிட்டால் கர்ப்பிணியும் இல்லை நோயாளியும் இல்லை, எல்லோரும் அந்தக் கரையிலேயே. உழவு இயந்திரம் உயரமானது, அது போகும் என்ற நம்பிக்கையும் எங்களுக்கு உண்டு. 2024 நவம்பர் 26ஆம் திகதி காரைதீவு மாவடிப்பள்ளி வீதியில் மதரசா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் இழுத்துப் போனது, பிள்ளைகள் உட்படப் பலர் செத்தார்கள். வீதியைக் குறுக்கறுத்து ஓடுகிற தண்ணீர் முழங்காலளவு என்றாலும் ஆளைத் தூக்கும், பெட்டி பூட்டிய உழவு இயந்திரத்தையும் கவிழ்க்கும். ஆகவே நிவாரணப் பட்டியலில் அரிசி பருப்புக்கு முன்னால் எழுத வேண்டியது வள்ளமும் கயிறும், எந்த வீதியை எந்த நேரத்தோடு மூடுவது என்ற முடிவும்தான்.

சரி, சனம் முகாமுக்கு வந்துவிட்டது என்று வையுங்கள். எங்கள் பக்கம் முகாம் என்றால் பாடசாலை, இல்லாவிட்டால் கோயில், பள்ளிவாசல், தேவாலயம். 400 பேர் வந்து சேர்ந்த ஒரு பாடசாலையை எடுத்துக்கொண்டு கணக்குப் பார்ப்போம். 1997இல் தொண்டு நிறுவனங்களும் செஞ்சிலுவை, செம்பிறை இயக்கமும் சேர்ந்து தொடங்கிய ஸ்பியர் என்ற திட்டம் ஒன்று இருக்கிறது. அனர்த்தத்தில் ஒரு ஆளுக்கு ஆகக் குறைந்தது என்ன வேண்டும் என்று அவர்கள் எழுதிவைத்த அளவுகளைத்தான் உலகம் முழுக்கப் பாவிக்கிறார்கள். அதன்படி ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 லீற்றர் தண்ணீர், அதில் குடிக்கவும் உணவுக்குமாக உயிர் தரிக்க மட்டும் இரண்டரை தொடக்கம் 3 லீற்றர், மிச்சம் சமைக்க, கழுவ, குளிக்க. 400 பேருக்கு 6,000 லீற்றர், அதாவது ஒவ்வொரு நாளும் ஒரு பவுசர், தண்ணீர்த் தாங்கி பூட்டிய லொறி. கூரைக்குக் கீழே ஒரு ஆளுக்கு மூன்றரை சதுர மீற்றர். 20 அடிக்கு 20 அடி வகுப்பறை ஏறத்தாழ 37 சதுர மீற்றர், அதற்குள் பத்துப் பேர்தான் கணக்குப்படி படுக்கலாம், நாங்கள் ஐந்து குடும்பத்தை விடுவோம். மலசலகூடம் 20 பேருக்கு ஒன்று, ஆரம்ப நாட்களில் பொறுத்துக்கொள்ளலாம் என்றால் 50 பேருக்கு ஒன்று. 400 பேருக்கு ஆகக் குறைந்தது எட்டு, சரியாகச் செய்தால் இருபது. எங்கள் ஊர்ப் பாடசாலையில் எத்தனை இருக்கிறது என்று நீங்களே நினைத்துப் பாருங்கள், அதில் கதவுக்குக் கொண்டி உள்ளது எத்தனை என்றும்.

இந்தக் கணக்கைப் பார்த்தால் எது முதலில் ஓடவேண்டும் என்பது விளங்கும். ஆரோக்கியமான ஆள் சாப்பாடு இல்லாமல் பல நாள் தாக்குப்பிடிப்பான், தண்ணீர் இல்லாமல் இந்த வெக்கையில் மூன்று நாள் பெரிய பாடு. ஆனால் சோற்றுப் பார்சல் படத்துக்கு நல்லது, பவுசர் படத்துக்கு அவ்வளவு நல்லதில்லை, மலசலகூடத்தைப் படம் பிடிக்கவே யாரும் போகமாட்டார்கள். இது நக்கலுக்குச் சொன்னதில்லை, காசு எதன் பின்னால் போகிறது என்பதை இதுதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே எழுதவேண்டும், ஏனென்றால் இந்த மண்ணின் சங்கதியே தண்ணீர்தான். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் மணல் திட்டு, அந்த மணலுக்குக் கீழே மழைநீர் ஊறி நிற்கிறது. நன்னீர் உப்புநீரை விட எடை குறைந்தது என்பதால் கடல்நீருக்கு மேலே எண்ணெய் மாதிரி மிதந்துகொண்டு கிடக்கும். கல்லடியிலும் களுவாஞ்சிகுடியிலும் பத்துப் பதினைந்து அடியில் நல்ல தண்ணீர் கிடைப்பது இதனால்தான். சுனாமி அன்று கடல் ஏறி வந்து அத்தனை கிணற்றையும் நிரப்பிவிட்டுப் போனது. உப்பு, சேறு, குப்பை, சில கிணறுகளில் அதைவிட மோசமானதும். சனமும் வந்த நிறுவனங்களும் செய்த முதல் காரியம் மோட்டரைப் போட்டு இறைத்தது. இறைத்தார்கள், திரும்பவும் உப்பு வந்தது, திரும்பவும் இறைத்தார்கள். ஒரே கிணற்றை நாலைந்து தரம் இறைத்த கதையெல்லாம் உண்டு, ஒவ்வொரு நிறுவனமும் தன் கணக்குக்குத் தனித்தனியாக.

அதில் ஒரு பிழை இருந்தது. மேலே மிதக்கிற நன்னீரின் மட்டம் ஒரு அடி இறங்கினால் கீழே உள்ள உப்புநீர் பல அடி மேலே ஏறிவிடும், பாடப்புத்தகக் கணக்கு 1க்கு 40 என்பது. ஆகவே விடாமல் இறைக்க இறைக்கக் கடல் விட்டுப்போன உப்போடு அடியில் இருந்த உப்பும் சேர்ந்து கிணற்றுக்கு வருகிறது. இன்னொன்று, இறைத்த உப்புத் தண்ணீரைப் பக்கத்திலேயே ஊற்றினால் மணல் அதைக் குடித்துத் திரும்பவும் கிணற்றுக்கே கொண்டுவந்து விடும். மணல் நிலத்தில் வேகமாக இறைத்தால் அடிமணல் உள்ளே இழுபட்டுக் கிணற்று வளையங்களே சரிந்துவிடும். சுனாமிக்குப் பிறகு கிழக்கில் நிலத்தடி நீரைப் படித்த ஆய்வாளர்கள் சொன்னது எளிய விஷயம்: குப்பையையும் சேற்றையும் எடுக்க ஒருதரம் மெதுவாக இறையுங்கள், பிறகு விடுங்கள், மாரி மழை இறங்கி உப்பைக் கழுவும். அப்படித்தான் நடந்தது, ஒன்றிரண்டு மாரியில் பெரும்பாலான கிணறுகள் திரும்பி வந்தன. அந்த இடைக்காலத்துக்குத்தான் பவுசரும், வீதியோரத்தில் வைத்த 1,000 லீற்றர் கறுப்புத் தாங்கிகளும் வேண்டியிருந்தன.

வெள்ளத்தில் கதை வேறு. வெள்ளம் கொண்டுவருவது உப்பு அல்ல, மலம். கடற்கரைப் பட்டையில் காத்தான்குடி, கல்லடி போன்ற நெருக்கமான இடங்களில் ஒரு வளவில் கிணறு, அடுத்த வளவின் மலசலகூடக் குழி பத்து எட்டில். குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் குறைந்தது 30 மீற்றர் வேண்டும் என்று ஸ்பியர் சொல்கிறது, 30 மீற்றருக்கு எங்கள் வளவுகளில் எங்கே போக? மாரியில் நிலத்தடி நீர் காலுக்குக் கீழேயே நிற்கும்போது இரண்டும் ஒரே தண்ணீர்தான் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். கண்ணுக்குக் கிணறு தெளிவாக இருக்கும், வயிற்றுக்குத்தான் தெரியும்.

செய்ய வேண்டியது என்ன? கொதிக்கவைத்தால் முடிந்தது, ஆனால் வெள்ளத்தில் விறகு நனைந்து கிடக்கும். அதனால் குளோரின். குடிக்கிற இடத்தில் ஒரு லீற்றருக்கு 0.2 தொடக்கம் 0.5 மில்லிகிராம் குளோரின் மிச்சம் நிற்க வேண்டும், அதைப் பார்க்க பொது சுகாதாரப் பரிசோதகரிடம் சின்னக் கருவி இருக்கும். கலங்கல் தண்ணீரில் குளோரின் போட்டால் பாதி வேலைதான் செய்யும், சேறே அதைத் தின்றுவிடும். முதலில் தெளியவிட்டு, நாலாக மடித்த வேட்டித் துணியில் வடிக்க வேண்டும். எங்கள் அம்மம்மா காலத்தில் பானையின் உள்பக்கத்தில் தேத்தாங்கொட்டையை உரைப்பார்கள், கலங்கல் அடியில் படியும். அது தெளிய வைக்கும், கிருமியைக் கொல்லாது, இரண்டையும் போட்டுக் குழப்பக்கூடாது. அடுத்த சிக்கல், குளோரின் போட்ட தண்ணீர் மணக்கும். "பவுசர் தண்ணி ஆஸ்பத்திரி மணம் மணக்குது" என்று அதைக் கழுவப் பாவித்துவிட்டு, வெள்ளம் ஏறிய கிணற்றில் அள்ளிக் குடிக்கிறவர்களைக் கண்டிருக்கிறேன். மூடாத வாளியில் சில மணித்தியாலம் வைத்தால் அந்த மணம் குறையும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அதைச் சொல்ல ஆள் நிற்பதில்லை. பவுசர் வந்து ஊற்றிவிட்டுப் போனால் பிடித்து வைக்க ஏனம் வேண்டுமே, வீட்டோடு குடமும் போயிருக்குமே என்பதும் யோசிக்கப்படுவதில்லை. ஒரு குடும்பத்துக்கு மூடியுள்ள கான் இரண்டு, ஒன்று அள்ள, ஒன்று வைக்க. உடுப்பு மூட்டையை விட இது எவ்வளவோ மேல்.

இப்போது உன்னிச்சைக் குளத்துத் தண்ணீரை வவுணதீவில் சுத்திகரித்துக் குழாயில் தருகிறார்கள், அதனால் நிலைமை முன்னைய மாதிரி இல்லை. ஆனால் குழாய்த் தண்ணீர் மின்சாரத்தை நம்பியது, பல இடங்களில் கவனிப்பாரற்ற பழைய கிணறும் தூர்ந்துபோய்விட்டது. கிணற்றை மூடிவிட்டு வீடு கட்டாதீர்கள் என்று நான் சொல்லி யாரும் கேட்டதாக வரலாறு இல்லை.

பெப்ரவரியில் இரண்டாவது வெள்ளம் வந்தபோது நாங்கள் படித்துக்கொண்டோம் என்ற பெருமையோடு இருபது லீற்றர் கான்களில் தண்ணீர் நிரப்பி அதே பாடசாலைக்குக் கொண்டு போனோம். அதே ஆச்சி. "தண்ணி பவுசர் ரெண்டு தரம் வந்த மனே. பொம்புளப் புள்ளையள் ராவைக்குக் கக்கூசுக்குப் போகேலாமக் கிடக்காளுகள், ஒரு டோர்ச் லைட் கொண்டந்திருக்கலாமே?"

முகாம்களில் பெண்கள் பின்னேரத்துக்குப் பிறகு தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுவார்கள். இருட்டில், சேற்றில், கொண்டி இல்லாத கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, வெளியே ஆம்பிளைகள் நிற்கிற இடத்துக்குப் போக வேண்டுமே என்ற பயம். மூன்று நாளில் சலக்கடுப்பு, காய்ச்சல். 15 லீற்றர் கணக்கு சரியாக இருந்தும் அவர்கள் ஒரு கோப்பை குடிப்பதில்லை. இதற்கு மருந்து வேண்டியதில்லை, வெளிச்சம், உள்கொண்டி, ஆண்களுடையதிலிருந்து தள்ளி ஒரு இடம், மாதவிடாய்த் துணி அல்லது பாட், அதைப் போட மூடியுள்ள வாளி. ஆண்களுக்கு ஒன்று என்றால் பெண்களுக்கு மூன்று என்ற விகிதத்தில் கட்டச் சொல்கிறார்கள். சாமான் பட்டியல் எழுதுகிற மேசையில் பெண் ஒருவரும் இல்லாவிட்டால் இந்த வரி பட்டியலில் வராது, எங்கள் பட்டியலிலும் வரவில்லை, எங்கள் ஐந்து பேரில் ஒரு பெண்ணும் இல்லை.

மாரியில் குழி தோண்டுவதும் இலேசில்லை. இரண்டு அடி தோண்டத் தண்ணீர் ஊறும், தோண்டிய குழி அன்றைக்கே நிரம்பும். தாங்கியை நிலத்துக்கு மேலே வைத்து, படிகட்டி, கழிவு உறிஞ்சுகிற பவுசரைக் கிழமைக்கு ஒருதரமாவது கொண்டுவந்தால்தான் சரி. அந்தப் பவுசருக்கு எரிபொருளுக்குக் காசு என்று சேர்த்துப் பாருங்கள், யாராவது தருகிறார்களா என்று.

சாப்பாடு பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனென்றால் இதில்தான் நாங்கள் கெட்டிக்காரர்கள். ஒரு ஆளுக்கு நாளைக்கு 2,100 கிலோகலோரி என்பது கணக்கு. முதல் சில நாள் சமைத்த உணவு, பிறகு உலருணவு. பார்சலாகக் கொண்டுவருவதை விட அரிசி, பருப்பு, தேங்காய், எண்ணெய், உப்பு, மிளகாய்த்தூள், காய்ந்த விறகு அல்லது காஸ், பெரிய அண்டா இரண்டு கொடுத்துவிட்டால் முகாமில் உள்ளவர்களே சமைப்பார்கள், சுடச்சுடச் சாப்பிடுவார்கள், யார் எதைச் சாப்பிடமாட்டார்கள் என்பதும் அவர்களுக்கே தெரியும். சும்மா குந்தியிருப்பதை விட ஒரு வேலையும் ஆகும்.

பால்மாவைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. தேத்தண்ணீருக்குப் போடுகிற பால்மா வேறு, கைக்குழந்தைக்கு என்று டின்னில் வருகிறது வேறு. இரண்டாவதைக் கண்டபடி பங்கிடக்கூடாது என்று சுகாதாரக்காரர் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அழுக்குத் தண்ணீரில் கரைத்து, கழுவாத போத்தலில் கொடுத்தால் வயிற்றோட்டம், தாய்ப்பாலும் குறைந்துபோகும். பயத்தில் பால் வற்றிவிட்டது என்று தாய்மார் நினைப்பார்கள், பிள்ளையைப் போடப்போட அது திரும்பி வரும். ஆனால் சுனாமிக்குப் பிறகு அம்பாறை மாவட்ட முகாம்களில் எடுத்த ஆய்வொன்றில், அந்த அலையில் பெண்களின் இறப்பு வீதம் ஆண்களினுடையதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஞாயிற்றுக்கிழமை காலை, கரையோர வீட்டுக்குள் இருந்தவர்கள் அவர்கள், பிள்ளைகளை விட்டுவிட்டு ஓடாதவர்களும் அவர்கள். தாயில்லாத கைக்குழந்தைகள் அன்றைக்கு உண்மையாகவே இருந்தார்கள், அவர்களுக்கு அந்த டின் வேண்டும். எந்தப் பிள்ளைக்கு என்று பார்த்துக் குடும்ப நல உத்தியோகத்தர் கையால் கொடுப்பதற்கும், லொறியில் நின்றுகொண்டு எறிவதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான். வயிற்றோட்டம் வந்துவிட்டால் தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற ஜீவனித் தூள், அது கைவசம் இல்லாவிட்டால் ஒரு லீற்றர் சுத்தமான தண்ணீரில் மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு.

இன்னொரு பயத்தையும் தீர்த்துவிட வேண்டும். சுனாமிக்குப் பிறகு சடலங்களால் தொற்றுநோய் வரும் என்ற பதற்றத்தில் அவசர அவசரமாகப் புதைத்தார்கள், முகம் பார்க்காமல், பெயர் எழுதாமல். இயற்கை அனர்த்தத்தில் செத்தவர்களின் உடலால் கொள்ளைநோய் வருவதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் பலதரம் சொல்லிவிட்டது, நோய் வருவது உயிரோடு இருக்கிறவர்களின் தண்ணீராலும் மலத்தாலும். அந்த அவசரத்தின் விலை பிறகு தெரிந்தது: உடல் இல்லை, மரணச் சான்றிதழ் இல்லை, காணி உறுதி மாற்றமுடியவில்லை, வங்கிப் பணம் எடுக்கமுடியவில்லை. 2005இல் சுனாமிக்கென்று விசேட ஏற்பாடுகள் சட்டம் ஒன்றே கொண்டுவர வேண்டி வந்தது. ஒரு படம் எடுத்து, ஒரு இலக்கம் போட்டு, எங்கே புதைத்தோம் என்று குறித்திருந்தால் எத்தனையோ தாய்மார் இன்றைக்கும் "எங்கயாவது இருப்பான்" என்று இருக்கமாட்டார்கள்.

கடதாசி என்றதும் நினைவு வருகிறது, முகாமில் பெயர் பதிந்தவனுக்குத்தான் உதவி என்ற வழக்கம். உறவினர் வீட்டில் போய் ஒதுங்கியவன் கணக்கில் இல்லை, அவனுக்குச் சோறு போடுகிற உறவினர் வீடும் கணக்கில் இல்லை. ஒரே கூரைக்குக் கீழே மூன்று அடுப்பு எரிகிற வீட்டில் அட்டை ஒன்றுதான், ஆகவே பொதி ஒன்றுதான். கிராம உத்தியோகத்தரைத் திட்டுவது இலேசு, அவரும் தன் வீடு தண்ணீருக்குள் கிடக்கப் பதிவேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்கிறவர்தான். பட்டியலை ஊர்ச் சபையின் முன்னால் சத்தமாக வாசித்தால் பாதிச் சண்டை குறையும், விடுபட்டவன் அங்கேயே கையை உயர்த்துவான்.

ஒரு கிழமை போனதும், கடைகள் திறந்ததும், சாமானை விடக் காசு நல்லது என்பது என் அபிப்பிராயம். சுனாமிக்குப் பிறகு அரசாங்கம் ஒரு ஆளுக்குக் கிழமைக்கு 375 ரூபாய் கொடுத்தது, 175 ரூபாய்க்குச் சாமானும் 200 ரூபாய் காசும். அதோடு குடும்பத்துக்குச் சில மாதம் 5,000 ரூபாய், சமையல் சாமான் வாங்க 2,500. அந்தக் காசில் ஒருத்தி பிள்ளைக்குச் சப்பாத்து வாங்கினாள், ஒருவன் வலை வாங்கினான், ஒருத்தர் குடித்தும் இருப்பார், அதையே பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் பருப்புப் பொதியைத் தூக்கிக் கொடுப்பதில் என்ன நியாயம்? கல்முனைக் கடைத்தெரு திறந்திருக்கும்போது கொழும்பிலிருந்து அரிசி ஏற்றி வந்து நெல் விளைகிற மாவட்டத்தில் பங்கிட்டால் இங்கே கடைக்காரனும் விழுவான், நெல் விற்கிறவனும் விழுவான். காசில் பிழை விடலாம், சாமானில் விடுகிற பிழை பெரிது: தடித்த குளிர் உடுப்பு, யாருக்கும் வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய மருந்து. மருந்து வந்து சேரும்போது ஆகக் குறைந்தது ஒரு வருட ஆயுள் இருக்க வேண்டும் என்பது விதி. மீனவனல்லாதவனுக்கும் வள்ளம் கிடைத்தது, வாவித் தோணிக்காரனுக்குக் கடல் வள்ளம் கிடைத்தது, எத்தனை கொடுத்தோம் என்று எண்ணினார்களே தவிர எத்தனை கடலுக்குப் போனது என்று எண்ணவில்லை.

வீட்டு விஷயம் இதைவிட நீளமானது. சுனாமிக்குப் பிறகு கிழக்கிலும் வடக்கிலும் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்றார்கள், தெற்கிலும் மேற்கிலும் அது 100 மீற்றர். நாவலடி மாதிரிக் கடலுக்கும் வாவிக்கும் நடுவில் நூல் போல இருக்கிற இடத்தில் 200 மீற்றரை அளந்தால் ஊரே மிஞ்சாது. அங்கிருந்த சனம் திராய்மடுவில் தகரக் கொட்டில்களில் இருந்தது. பகலில் தகரம் கொதிக்கும், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மர நிழலுக்குப் போவார்கள், மழை வந்தால் நிலத்தில் தண்ணீர் தேங்கும், கடல்தொழிலுக்குப் போகிறவன் விடிய இரண்டு மணிக்கு எழும்பி அவ்வளவு தூரம் போக வேண்டும். உயிர் தப்ப ஒரு கூரை என்பது சில மாதக் கதை, தொழிலுக்குப் பக்கத்தில் ஒரு கூரை என்பதுதான் வாழ்க்கை. கடைசியில் அந்த 200 மீற்றர் விதியும் தளர்ந்தது, அதற்குள் ஒரு வருடம் போய்விட்டது. அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவுதி அரேபிய நிதியில் கட்டிய 500 வீடுகள் யாருக்கு என்ற வழக்கில் சிக்கி ஆண்டுக்கணக்காக ஆளில்லாமல் காடேறிக் கிடந்தன. சீமெந்தும் காசும் இருந்தும் கூரைக்குக் கீழே ஆள் இல்லை.

வெள்ளம் வடிவதற்கு, வாவி கடலோடு சேர்கிற முகத்துவாரத்தை மறித்த மணலை வெட்ட வேண்டும். வெட்டினால் வாவி கடலுக்கு இறங்கும், பிந்தி வெட்டினால் வயல் அழுகும், முந்தி வெட்டினால் மீன்பிடிகாரருக்கு நட்டம் என்று வருடா வருடம் இழுபறி. எப்படியோ தண்ணீர் இறங்குகிற அன்றைக்கே முகாமை மூடச் சொல்வார்கள், பாடசாலை தொடங்க வேண்டுமே. உதவியும் அன்றைக்கே நின்றுவிடும். ஆனால் வீட்டில் முழங்காலளவு சேறு, கிணற்றுக்குள் செத்த கோழி, கூரை மூலையில் பாம்பு. சேற்றில் வேலை செய்தால் எலிக்காய்ச்சல் வரும், வயலில் இறங்கும் முன் பொது சுகாதாரப் பரிசோதகரிடம் தடுப்பு மாத்திரை வாங்க வேண்டும். இரண்டு மூன்று கிழமையில் சிரட்டையிலும் ரயரிலும் தேங்கிய தண்ணீரால் டெங்கு. மண்வெட்டி, பூட்ஸ், கையுறை, கிருமிநாசினி, கிணறு இறைக்க மோட்டர், இவை அந்த நாளில் சோற்றை விடப் பெறுமதி. 2011இல் பெரும்போக நெல் அறுவடைக்கு நெருங்கி நின்ற நேரம் வெள்ளம் வந்தது. வயல் செய்ய வைத்த நகை அடகுக் கடையில், நெல் சேற்றில், அடுத்த போகத்துக்கு விதைநெல் வேண்டும், அதைக் கேட்க முகாமும் இல்லை, எழுத ஆளும் இல்லை.

ஏப்ரல் மாதம் வேறொரு அலுவலாக அந்தப் பாடசாலைப் பக்கம் போனேன். வகுப்பு நடந்துகொண்டிருந்தது, சுவரில் வெள்ளம் நின்ற கோடு பிள்ளைகளின் தோள் உயரத்துக்குத் தெரிந்தது. மூலையில் நாங்கள் கொண்டுபோன கான்கள் நாலு வரிசையாக, கழுவி, மூடியோடு. பிள்ளைகளின் குடிதண்ணீரை வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் அதில்தான் கொண்டு வருவதாக அதிபர் சொன்னார். பாடசாலைக் கிணற்றைத் துப்புரவாக்கிக் குளோரின் போட வருவதாகச் சொல்லிவிட்டுப் போனவர்கள் இன்னும் வரவில்லையாம்.